ஜிப்சம் சீலிங்கில் விளக்கை மாற்றுவதும் உடைந்த இடத்தை ஒட்டுப்போடுவதும்

ஹாலில் ஒரு பேனல் லைட் அணைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வந்து பழையதை இழுத்தால், அதன் ஸ்பிரிங் கிளிப் சீலிங் பலகையின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. புது விளக்கு பழையதைவிட அரை அங்குலம் சின்னது, ஓரத்தில் துளை தெரிகிறது. மாடியில் மழைநீர் கசிந்த வீடாக இருந்தால் விளக்கைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டமும் இருக்கும். எலக்ட்ரீஷியன் ஒயரைக் கொடுத்துவிட்டு "பட்டி பார்க்கிறவரைக் கூப்பிடுங்க" என்று போய்விடுவார். ஃபால்ஸ் சீலிங் போடும் ஆட்கள் ஒரே ஒரு ஓட்டைக்காக வரமாட்டார்கள்.

இரண்டு வேலையையும் வீட்டிலேயே செய்யலாம். கைவேலை மொத்தம் நாலைந்து மணி நேரம்தான். ஆனால் பூச்சு காய்வதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் நாலு நாள் ஆகும். கெட்டுப்போகும் ஒட்டுகளில் பெரும்பாலானவை அந்த நாலு நாளை ஒரே நாளாகச் சுருக்கப் பார்த்தவை.

முதலில் சீலிங் எதனால் ஆனது என்று பாருங்கள்

விளக்கைக் கழற்றியதும் துளையின் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளை மாவுபோல ஜிப்சம், மேலும் கீழும் தடித்த காகிதம் என்றால் அது ஜிப்சம் போர்டு. ஈரம் தாங்கும் வகையில் காகிதம் பச்சையாக இருக்கும். காகிதமே இல்லாமல் முழுக்க வெள்ளையாக, உள்ளே கோழிவலையோ நாரோ நீட்டிக்கொண்டிருந்தால் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங். அதில் பலகை வெட்டி வைக்கும் முறை உதவாது. வலையை இழுத்துக் கட்டி பி.ஓ.பி. கலந்து பூச வேண்டும். பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் கெட்டியான தட்டை ஷீட் அடித்திருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை வெட்டவோ, துளையிடவோ, தேய்க்கவோ வேண்டாம். ஓட்டையை மூடும் அளவுக்குப் பெரிய மேல்பரப்பு விளக்கை, ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே மாட்டிவிட்டு இறங்கிவிடுங்கள்.

இங்கே சொல்வது ஜிப்சம் போர்டுக்கு. பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் 12.5 மி.மீ. தடிமன் போட்டிருப்பார்கள். ஸ்கேலைத் துளைக்குள் வைத்து அளந்துவிடுங்கள். ஒட்டுத் துண்டு அதே தடிமனில் இருக்க வேண்டும்.

ஒட்டுப் போடாமலே முடியுமா?

கடைக்குப் போகும் முன் துளையின் விட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாட் கணக்கை மட்டும் சொல்லி விளக்கு வாங்குவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. 18 வாட் வட்டப் பேனல் என்றால் பொதுவாக எட்டு அங்குலம் ஒட்டிய துளை, 12 வாட் என்றால் ஆறு அங்குலம் ஒட்டியது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அஞ்சு, பத்து மி.மீ. மாறும். பெட்டியின் பக்கவாட்டில் 'கட்-அவுட்' என்று அச்சிட்ட எண்தான் முக்கியம். விளக்கின் வெளி விட்டத்தைக் கட்-அவுட் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

விளிம்பு உறுதியாக இருந்து, துளை மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்றால், கிளிப்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் வகைப் பேனல்கள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. பின்பக்கம் ஒரு தண்டவாளம் போல இருக்கும், கிளிப் அதில் ஓடும். விளக்கின் முகம் துளையைவிடச் சுற்றிலும் முக்கால் அங்குலம் அதிகம் இருந்தால் போதும், வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒட்டுப் போடும் ஆசையில் இந்த வழியைத் தாண்டிப் போக வேண்டாம்.

இன்னொன்று. விளக்கு எரியவில்லை என்பதால் விளக்கே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பேனல் லைட்டில் முதலில் சாவது பெரும்பாலும், கரண்ட்டை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிரைவர் என்கிற அந்தச் சின்ன டப்பாதான், குறிப்பாகக் கான்கிரீட் தளத்துக்குக் கீழே கத்திரி வெயிலில் வேகும் சீலிங்கில். விட்டு விட்டு எரிந்தாலோ, போட்டதும் ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தாலோ டிரைவரைச் சந்தேகப்படுங்கள். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் வாட், மில்லி ஆம்பியர், டி.சி. வோல்ட் வரம்பு மூன்றும் பொருந்தும் டிரைவரை வாங்கி மாட்டினால் விளக்கு எரியும், சீலிங்கைத் தொட வேண்டியதே இல்லை.

தொங்கும் கனமான விளக்கு வாங்கும் எண்ணமிருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒரு கிலோவுக்கு மேல் எதையும் வெறும் பலகையில் தொங்கவிட வேண்டாம். மேலே கான்கிரீட் தளத்தில் ஆங்கர் பாஸ்னர் அடித்து, அதிலிருந்து கம்பியோ ராடோ இறக்கி, பலகையில் துளை வழியாக மட்டும் வர வேண்டும். பலகையில் பிளாஸ்டிக் முளை அடித்து மாட்டிய சாண்ட்லியர் ஒருநாள் பலகையோடு சேர்ந்துதான் வரும்.

கரண்ட்டை நிறுத்துவது: மெயின் மட்டும் போதாது

சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுவது போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஒயரில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

மெயினை இறக்குவதும் போதாது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால். மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும். ஹால் விளக்குகள் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். ஆக, நீங்கள் மெயினை இறக்கிவிட்டு ஏணியில் ஏறும்போது அந்த ஒயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கிறது. சரி, இன்வெர்ட்டரை மட்டும் அணைக்கலாம் என்றால், பல இன்வெர்ட்டர்களில் முன்பக்கச் சுவிட்சை அணைத்தாலும் ஈ.பி. கரண்ட் அதன் வழியாக நேராகப் போகும். இரண்டையும் செய்ய வேண்டும்: இன்வெர்ட்டரின் முன் சுவிட்சை அணைத்து, பிறகு வீட்டு மெயினை இறக்குங்கள். அந்த அறைக்கான எம்.சி.பி.யை (மெயின் பாக்ஸில் இருக்கும் தனிச் சுவிட்சை) மட்டும் இறக்குவதும் வேண்டாம். இன்வெர்ட்டர் லைனுக்கும் சாதா லைனுக்கும் ஒரே நியூட்ரலைப் பொதுவாகக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் அதைப் பிரிக்கும்போது, வேறு அறையில் ஓடும் ஃபேன் வழியாக அந்த நியூட்ரல் முனைக்கே ஷாக் வரும். கருப்பு ஒயர்தானே என்று தொட்டு அடி வாங்குவது இப்படித்தான்.

பிறகு சோதனை. நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போகும் சிறு மின்னோட்டத்தில் எரிவது. பைபர் ஏணியில் நிற்கும்போது மங்கலாக எரியும், பகல் வெளிச்சத்தில் தெரியாது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள், அல்லது ஹோல்டரில் பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப். மெயினை இறக்கும் முன் அதை ஒரு பிளக்கில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். இறக்கிய பின் விளக்கின் ஒயர்களில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே என மூன்று முறை. மூன்றிலும் ஒன்றும் இல்லை என்றால்தான் கை வைக்கலாம். மெயின் பாக்ஸில் 'வேலை நடக்கிறது' என்று ஒரு தாள் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது "கரண்ட் போயிருச்சு" என்று தூக்கிவிடுவார்கள்.

பழைய விளக்கை இறக்குவது

ஏ வடிவ ஏணி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறுவது இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு கையும் தலைக்கு மேல் இருக்கும், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், அண்ணாந்து பார்க்கும் கண்ணில்தான் தூள் எல்லாம் விழும்.

விளக்கின் ஓரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே பெயின்ட் ஒட்டியிருக்கும். கட்டர் பிளேடால் சுற்றிலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இழுப்பதால்தான் சுற்றிலும் காகிதம் உரிகிறது. ஓரத்தில் பட்டி பிளேடை நுழைத்து விளக்கை நேராக ஒரு அங்குலம் கீழே இறக்குங்கள். ஸ்பிரிங் தெரியும். அதற்கு மேல் இழுக்காமல், விரலை உள்ளே விட்டு ஒரு ஸ்பிரிங்கை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தபடி அந்தப் பக்கத்தை மட்டும் வெளியே எடுங்கள், பிறகு அடுத்தது. ஸ்பிரிங் விரலில் அடித்தால் நன்றாகவே வலிக்கும், கையுறை நல்லது.

ஒயரைப் பிரிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு லூப் அடித்துக் கொண்டுபோயிருப்பார்கள். ஆகவே ஒரு பேஸ், ஒரு நியூட்ரல் என்று இருக்காது. இரண்டு சிவப்பு, இரண்டு அல்லது மூன்று கருப்பு என்று முறுக்கிக் கிடக்கும். எது எதோடு முறுக்கியிருந்ததோ அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். 'ஒரு லைட்டை மாற்றினேன், மற்ற மூன்றும் எரியவில்லை' என்பதற்குக் காரணம் நியூட்ரல் லூப்பில் ஒரு ஒயர் நழுவி வெளியே நிற்பதுதான். நிறத்தையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். சிவப்பு தீர்ந்ததும் கையில் இருந்த மஞ்சளை இழுத்த எலக்ட்ரீஷியன்கள் நிறையப் பேர்.

ஒயர் உறை கருகியிருந்தாலோ, எலி கடித்துச் செம்பு தெரிந்தாலோ, உள்ளே இருப்பது அலுமினிய ஒயர் என்றாலோ அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நல்லபடி இருந்தால், ஒவ்வொரு முறுக்கையும் தனித்தனிக் கனெக்டரில் இறுக்கி, சீலிங்குக்குள் தள்ளிவிடாமல் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். இப்போது மெயினைப் போட்டுக்கொள்ளலாம். நாலு நாளும் வீடு இருட்டில் கிடக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சுவிட்சின் மேல் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்டு வேலைக்காக ஒயர் பக்கம் கை போகும் ஒவ்வொரு முறையும் இன்வெர்ட்டர், மெயின் இரண்டையும் மறுபடி நிறுத்தியாக வேண்டும்.

எவ்வளவு வெட்ட வேண்டும்

பழுப்புக் கறை இருந்தால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல நின்றால் பலகை நன்றாக இருக்கிறது, கறையை மட்டும் அடைத்தால் போதும். விரல் உள்ளே அமுங்கினாலோ, காகிதம் கொப்புளித்து நின்றாலோ அந்த இடம் முழுக்கப் போக வேண்டும். காய்ந்தாலும் அந்த ஜிப்சத்துக்குப் பழைய பிடிப்பு வராது. பலகை தொப்பைபோலத் தொங்கினால் மேலே தண்ணீர் நிற்கிறது. கரண்ட்டை நிறுத்திவிட்டு, கீழே வாளி வைத்து, திருப்புளியால் ஒரு சின்னத் துளை போட்டு வடியவிடுங்கள்.

கசிவு நிற்காமல் ஒட்டுப் போடுவது வீண். மொட்டை மாடி விரிசலா, மேல்வீட்டுக் குளியலறையா, ஏ.சி. தண்ணீர்க் குழாய் கழன்றதா என்று துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். தளத்தின் அடியில் ஈரத்தடம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கசிந்ததை அந்த மழையிலேயே மூட வேண்டாம். துளையைத் திறந்தே வைத்து, தளம் உலர்ந்த பின் மூடுங்கள்.

இப்போது வெட்டு. வட்டத் துளைக்கு வட்டமாக ஒட்டுப் போட முயலாதீர்கள். சதுரமாக்குங்கள், டேப் நேர்க்கோட்டில்தான் ஒழுங்காக உட்காரும். புது விளக்கின் துளைக்குச் சுற்றிலும் நாலு அங்குலம் முழுப் பலகை இருக்கும்படி சதுரம் வேண்டும். ஆறு அங்குலத் துளை விளக்குக்கு 14 அங்குலச் சதுரம், எட்டு அங்குலத்துக்கு 16. இதைவிடச் சிறிதாக்கினால் விளக்கின் ஸ்பிரிங் வந்து உட்காரும் இடத்தில், ஒட்டைத் தாங்க மேல்பக்கம் வைக்கும் பின்சட்டம் இடிக்கும்.

வெட்டும் முன் ஒரு காந்தத்தைச் சீலிங்கின் மேல் மெல்ல நகர்த்துங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் வெடுக்கென்று ஒட்டும். அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்தால், பலகையைத் தாங்கும் தகரச் சட்டமான ஜி.ஐ. செக்ஷன் பொதுவாக ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக ஓடுவது தெரியும். செக்ஷனை வெட்டிவிடக் கூடாது. சதுரத்தின் ஒரு பக்கம் அதன்மேல் வந்தால் நல்லதுதான், அந்தப் பக்கத்துக்குப் பின்சட்டம் மிச்சம். மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, முதலில் கட்டர் பிளேடால் காகிதத்தைக் கீறி, பிறகு ஜிப்சம் ரம்பத்தால் அறுங்கள். ரம்பத்தின் முனை மேலே ஒரு அங்குலத்துக்கு மேல் போகாதபடி படுக்கவைத்துப் பிடியுங்கள், ஒயர் அங்கேதான் கிடக்கிறது.

ஒட்டுத் துண்டு

கடையில் முழுப் பலகைதான் விற்பார்கள், ஆனால் ஃபால்ஸ் சீலிங் வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் உடைந்த துண்டு சும்மாவே கிடைக்கும். 14 அங்குலச் சதுரத்துக்கு வேண்டியவை:

- 12.5 மி.மீ. ஜிப்சம் துண்டு, 15 அங்குலத்துக்குக் குறையாமல்
- 12 மி.மீ. பிளைவுட், 3 அங்குல அகலத்தில்: 18 அங்குல நீளத்தில் இரண்டு, 11 அங்குலத்தில் இரண்டு. கரையான் பயம் இருந்தால் இதற்குப் பதில் ஜி.ஐ. செக்ஷன் துண்டு
- 25 மி.மீ. ஜிப்சம் ஸ்க்ரூ 50. பிளைவுட்டுக்கு அகல மரை, ஜி.ஐ.க்கு நெருக்க மரை
- 2 அங்குலக் காகித டேப், ஆறு அடி
- ஜாயின்டிங் காம்பவுண்ட் (பலகை மூட்டை நிரப்பும் பூச்சு), ஒன்றரை கிலோ
- 4, 6, 10 அங்குலப் பட்டி பிளேடுகள். 150, 220 நம்பர் உப்புத்தாள்

நீளச் சட்டம் ஒன்றைச் சாய்த்துத் துளைக்குள் நுழைத்து, பாதி அகலம் பழைய பலகைக்கு மேலும் பாதி துளைக்குள்ளும் தெரியும்படி வையுங்கள். அதை மேலே பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம். சட்டத்தின் நடுவில் முன்பே ஒரு ஸ்க்ரூவைப் பாதி அடித்து வைத்தால் அதுவே கைப்பிடி. பழைய பலகை வழியாக மூன்று ஸ்க்ரூ அடித்துச் சட்டத்தைப் பிணையுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. நடுவில் மிஞ்சும் 11 அங்குல இடைவெளிகளில் சின்னச் சட்டங்கள்.

ஒட்டுத் துண்டைத் துளையைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். இறுகப் பொருந்தும்படி வெட்டித் திணித்தால் விளிம்பு நொறுங்கும். அந்த 3 மி.மீ. காம்பவுண்ட் புகுவதற்கான இடம். துண்டின் ஓரத்தையும் பழைய பலகையின் ஓரத்தையும் பிளேடால் சாய்வாகச் சீவிவிட்டால் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் கிடைக்கும், பிடிப்பு அங்கேதான்.

விளக்குக்கான துளையைத் துண்டு தரையில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். நடுவைக் குறித்து ஹோல் சாவால் முகப்புக் காகிதப் பக்கமிருந்து வெட்டினால் விளிம்பு சுத்தமாக வரும். தலைக்கு மேல் நின்று வெட்டும்போது விழும் தூளும் மிச்சம், துளை நடுவிலிருந்து ஓடிப்போகும் ஆபத்தும் இல்லை. மேலே மாட்டும்போது அந்தத் துளை வழியாகவே ஒயரை வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

துண்டை வைத்துப் பக்கத்துக்கு மூன்று ஸ்க்ரூ, ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி. ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் குழிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. பலகையைப் பிடித்திருப்பது ஜிப்சம் இல்லை, அந்தக் காகிதம்தான். கிழிந்துவிட்டால் அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ஒரு அங்குலம் தள்ளி வேறு அடியுங்கள். டிரில்லில் கிளட்ச் இருந்தால் குறைந்த எண்ணில் வைத்து, கடைசிச் சுற்றைக் கையால் திருகுங்கள்.

காசு அளவுத் துளைகளுக்கும் பழைய ஸ்க்ரூத் துளைகளுக்கும் இவ்வளவு வேண்டாம். தொங்கும் காகிதத்தைச் சீவி எடுத்து, காம்பவுண்ட் இரண்டு முறை வைத்து, தேய்த்தால் சரி.

பூச்சு

சிமென்ட் கலந்த வால் பட்டியை இங்கே தொடாதீர்கள். வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று எடுக்கத் தோன்றும். அது சுவருக்கானது. காகிதத்தின்மேல் பிடிப்பு குறைவு, காய்ந்தால் விறைத்துக்கொண்டு மூட்டோடு வெடிக்கும். பி.ஓ.பி. வைத்து மூட்டை அடைத்து டேப் இல்லாமல் விட்டாலும் இதே கதிதான். ஃபேன் ஓடும் அறையில் சீலிங் சதா அதிர்ந்துகொண்டிருக்கிறது, மூட்டை இழுத்துப் பிடிப்பது டேப் மட்டுமே.

முதலில் மூட்டு வாய்க்காலை காம்பவுண்டால் அழுத்தி நிரப்பி, மட்டமாக வழித்து, காயவிடுங்கள். அதன்மேல் 4 அங்குல பிளேடால் 2 மி.மீ. தடிமனுக்கு ஒரு படுக்கை போட்டு, காகித டேப்பை ஒரு நொடி தண்ணீரில் நனைத்து உதறி, மடிப்புக் கோடு மூட்டின்மேல் வரும்படி வைத்து, நடுவிலிருந்து இரு முனைக்கும் பிளேடால் வழியுங்கள். ஓரத்தில் காம்பவுண்ட் பிதுங்கி வர வேண்டும், ஆனால் முழுக்க வழித்துவிடக் கூடாது. அடியில் காம்பவுண்ட் இல்லாத இடத்தில் டேப் காய்ந்ததும் கொப்புளமாக எழும். விரலால் தட்டினால் வெற்றொலி வரும். அப்படி வந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி ஒட்டுங்கள், மேலே பூசி மறைக்க முடியாது. மூலைகளில் டேப்பை மேலுக்கு மேல் போடாமல் முட்டி நிறுத்துங்கள்.

காய்வது எப்போது? கோடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், மழைக்காலத்தில் முழு ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல். ஈரமான காம்பவுண்ட் சாம்பல் படிந்த நிறத்தில் இருக்கும், காய்ந்ததும் ஒரே சீரான வெள்ளையாகும். நடுவில் நிழல்போல ஒரு பட்டை தெரிந்தால் இன்னும் காயவில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் காயவைக்க நினைப்பீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கி மயிரிழை விரிசல் விடும். சன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

இரண்டாவது பூச்சு 6 அங்குல பிளேடில், டேப்பின் ஓரத்தைத் தாண்டி இருபுறமும் மூன்று அங்குலம். மூன்றாவது 10 அங்குல பிளேடில், ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம்வரை மெலிந்துகொண்டே போக வேண்டும். இவ்வளவு அகலம் எதற்கு என்றால், தொழிற்சாலையில் வரும் பலகையின் நீள ஓரம் டேப் உட்காரவென்றே சற்று மெலிந்திருக்கும். நீங்கள் வெட்டிய ஓரத்தில் அந்தப் பள்ளம் இல்லை. டேப்பும் பூச்சும் சேர்ந்து ஒரு மேடாகத்தான் நிற்கும். அந்த மேட்டை அகலப்படுத்திக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதே முழு வித்தை. பத்தாததற்கு ஒட்டின் நடுவில் ஒரு விளக்கு எரியப் போகிறது. கோவ் லைட் (சீலிங் ஓரத்துப் பள்ளத்தில் மறைத்து வைக்கும் விளக்கு) வேறு இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் அரை மி.மீ. மேடும் நிழல் விழும்.

ஆகவே தேய்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். மேடும் பள்ளமும் படம்போலத் தெரியும். ஒரு மரக்கட்டையில் 150 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி மேட்டை இறக்கி, 220-இல் முடியுங்கள். வெறும் கையால் தேய்த்தால் விரல் பட்ட இடம் குழியாகும். டேப்பின் காகிதம் நார்நாராக எழுந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள், மெல்லிசாக இன்னொரு பூச்சு வேண்டும்.

பெயின்ட்

தூளை ஈரத்துணியால் துடைத்து, ஒட்டுக்கு ஒரு கோட் பிரைமர். இல்லாவிட்டால் காம்பவுண்ட் பெயின்ட்டை உறிஞ்சி, அந்தச் சதுரம் மட்டும் மங்கலாகத் தனித்துத் தெரியும். கெட்டியாக இருக்கிறது என்று விட்டுவைத்த பழுப்புக் கறைகளுக்குத் தண்ணீர் பிரைமர் ஆகாது. கறை அதில் கரைந்து மேலே வரும், மூன்று கோட் எமல்ஷன் அடித்தாலும் வரும். அந்த இடத்துக்கு ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து முழுக்கக் காயவிட்டால் அதோடு அடங்கும்.

பழைய பெயின்ட் டப்பாவில் மிச்சம் இருந்தாலும், ஐந்து வருடம் பழசான சீலிங் வெள்ளையும் புது வெள்ளையும் ஒன்றல்ல. ஒட்டை மட்டும் அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நெற்றியில் விபூதி பூசியதுபோல இருக்கும். அடுத்த கோவ் அல்லது படிவரைக்கும், அந்தத் தட்டு முழுவதையும் ரோலரால் இரண்டு கோட் அடியுங்கள்.

விளக்கை மாட்டுவது

பெயின்ட் காய்ந்த மறுநாள், மறுபடி இன்வெர்ட்டர், மெயின், மல்டிமீட்டர். ஒயர் முனையில் ஒரு சென்டிமீட்டர் உறையைச் சீவி, டிரைவரின் ஏ.சி. ஒயர் இரண்டையும் கனெக்டரில் பேஸ் கூட்டத்தோடும் நியூட்ரல் கூட்டத்தோடும் சேருங்கள். ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் இறுகவில்லை. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது. சீலிங்குக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகி, இரண்டு கோடையில் பிரிந்து தொங்கும். விளக்கு உலோக உடலாக இருந்து எர்த் முனை கொடுத்திருந்தால் பச்சை ஒயரை அதில் இணைக்க வேண்டும். எர்த் கேட்காத விளக்கு என்றால் பச்சையை வெட்டிவிடாமல் ஒரு கனெக்டரில் மூடி விட்டுவையுங்கள், அடுத்த விளக்குக்குத் தேவைப்படலாம்.

டிரைவரை விளக்கின் முதுகின்மேல் படுக்கவைக்காதீர்கள். ஒரு சாண் தள்ளிப் பலகையின்மேல் வையுங்கள். இரண்டு சூடும் சேர்ந்தால் டிரைவரின் ஆயுள் பாதியாகும். ஸ்பிரிங்குகளை மேலே மடக்கிப் பிடித்து, துளைக்குள் விட்டு, உள்ளங்கையால் சமமாக அழுத்துங்கள். ஒரு பக்கமாக அழுத்தினால் புது விளிம்பு நசுங்கும்.

மெயினைத் தூக்கியதும் அந்த விளக்கை மட்டும் பார்க்காமல், லூப்பில் இருக்கும் எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். எம்.சி.பி. உடனே விழுந்தால் பேஸும் நியூட்ரலும் எங்கோ முட்டுகின்றன. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது சாதா லைன் நியூட்ரலும் இன்வெர்ட்டர் நியூட்ரலும் கலந்துவிட்டன. சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மின்மினிபோல மங்கலாக எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது, இல்லையென்றால் சுவிட்சில் இருக்கும் இண்டிகேட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிகிறது. முதலாவது என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துத் திருத்தியாக வேண்டும், இரண்டாவது கண்ணை உறுத்துவதைத் தவிர ஒன்றும் செய்யாது.

ஒரு மாதம் கழித்து ஒட்டின் ஒரே பக்கத்தில் மட்டும் மயிரிழை விரிசல் தெரிந்தால், மறுபடி பூசும் முன் ஃபேனை ஓடவிட்டு அதன் கப்பை (ராடின் மேல்முனையில் சீலிங்கை ஒட்டியிருக்கும் மூடியை) பாருங்கள். கப் சீலிங் பலகையில் உரசிக்கொண்டிருந்தால் அதிர்வு முழுவதும் பலகைக்குத்தான் போகிறது. கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி நாலைந்து மி.மீ. கீழே இறக்கி இறுக்குங்கள். பிறகு விரிசலைப் பிளேடால் கீறி, டேப் வைத்துப் பூசுங்கள்.